இங்கிலீஷில் சில இரட்டைப் பிள்ளைகள்

இங்கிலீஷ் அடியோடு தெரியாதவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. "எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழில் சொல்லுங்கள்" என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அதைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் தொல்லை இல்லை. அவர்கள் தப்பாகவே பேசினாலும், 'ஓகோ, இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது' என்று கேட்பவர்கள் மனத்தில் குறித்து வைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவிலே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறதே, அதற்குத்தான் சங்கடம். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தாயிற்று. பேப்பரைப் பிரித்தால் புரிகிறது. குழந்தைகளுக்குப் பாடம்கூடச் சொல்லிக் கொடுக்க முடிகிறது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச வேண்டும் என்றால், இரண்டு வார்த்தைகள் ஒரே சமயத்தில் வாசற்படிக்கு வந்து, 'நான் முந்தி, நீ முந்தி' என்று முட்டிக்கொள்கின்றன. 'லை'யா, 'லே'யா? 'பாரோ'வா, 'லெண்டா'? இந்தத் தள்ளுமுள்ளில் வாக்கியம் வெளியே வராமலே போய்விடுகிறது.

இதனால்தான் நம் சகோதரிகளில் பலர் டாக்டருக்கு முன்னாலும் பாங்க் மானேஜருக்கு முன்னாலும் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கணவரையோ பிள்ளையையோ பேச விட்டுவிடுகிறார்கள். குழந்தை ராத்திரி எத்தனை தடவை இருமிற்று என்பது தாயாருக்குத் தெரியும். ஆனால் டாக்டரிடம் விவரம் சொல்வதோ, அன்றைக்கு ஊரிலேயே இல்லாத தகப்பனார்! இது எந்த ஊர் நியாயம்?

ஆகையால் இந்த வாரம், இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஆளை ஏமாற்றும் சில இங்கிலீஷ் வினைச் சொற்களைப் பிடித்து அடையாளம் பார்த்துவிடுவோம். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. எல்லாத் தவறுக்கும் எடை ஒன்றல்ல. சில தவறுகளைச் செய்தால் கேட்பவர் உதட்டோரத்தில் சிரிப்பார், அவ்வளவுதான். வேறு சில தவறுகளைச் செய்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும். சிரிப்பைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். தலைகீழாவதை முதலில் கவனிப்போம்.

சந்தேகம் இரண்டு வகை

"குழந்தைக்கு டைபாயிடோ என்று சந்தேகமாக இருக்கிறது." இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் 'டவுட்' என்று நமக்கு மனப்பாடம். "ஐ டவுட் ஹி ஹாஸ் டைபாயிட்" என்று சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷைத் தாய்மொழியாக உடைய டாக்டரின் காதில் இது எப்படி விழும், தெரியுமா? 'டைபாயிடாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை' என்று விழும்! நாம் நினைத்ததற்கு நேர் எதிர்.

'டவுட்' என்ற வினைக்கு, 'அப்படி இருக்காது என்று எண்ணுகிறேன்' என்று பொருள். 'ஸஸ்பெக்ட்' என்ற வினைக்கு, 'அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்' என்று பொருள். தமிழில் 'சந்தேகப்படுகிறேன்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்த்துவிடுவதால் நாம் ஏமாந்துபோகிறோம். போலீஸார் ஓர் ஆளை 'ஸஸ்பெக்ட்' என்கிறார்கள் அல்லவா? அவன்தான் திருடியிருப்பான் என்று எண்ணுவதால் அப்படிச் சொல்கிறார்கள். இந்த ஓர் உதாரணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் ஊர் டாக்டர் நம் மனிதர், முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஆனால் பெண்ணின் பிரசவத்துக்குத் துணையாக அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற தாய்மார் இன்று எத்தனை பேர்! அங்கே நடுநிசியில் பேரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், இந்த ஒரு வார்த்தையில் எவ்வளவோ இருக்கிறது. 'ஸஸ்பெக்ட்' சட்டென்று நாவில் வராவிட்டால், "ஐ திங்க் ஹி ஹாஸ்…" என்று ஆரம்பித்து விடுங்கள். நேராகப் போகும் பாதை அது. அதில் குழியே கிடையாது.

டாக்டர் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் இன்னொன்று. 'எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'எக்ஸ்பெக்ட்' என்பார்கள். சரிதான். ஆனால் யாரை, எதை என்று சொல்லாமல், "ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்" என்று மொட்டையாக நிறுத்திவிட்டால், 'நான் முழுகாமல் இருக்கிறேன்' என்று அர்த்தம்! அறுபது வயது மாமி ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, மருமகனை எதிர்பார்த்து இப்படிச் சொன்னால், நர்ஸ் அம்மாள் மயக்கம் போட்டு விழுந்தாலும் விழுவாள். அந்த இடத்தில் "ஐ ஆம் வெய்ட்டிங்" என்பதே உத்தமம்.

கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்?

'பாரோ' என்றால் கடனாகவோ இரவலாகவோ வாங்குவது. 'லெண்ட்' என்றால் கொடுப்பது. தமிழில் 'கடன்' என்ற சொல்லோடு 'வாங்கு', 'கொடு' என்று சேர்த்துக்கொண்டு பிழைக்கிறோம். இங்கிலீஷில் இரண்டும் தனித் தனிச் சொற்கள். பக்கத்து வீட்டில் போய், "இட்லிக் கொப்பரையை பாரோ மீ" என்று கேட்டால் கொப்பரை கிடைத்துவிடும், பாதகமில்லை. பாங்க்கில் அப்படி அல்ல.

வீட்டுக் கடன் பத்திரத்தில் 'பாரோயர்' என்று இருந்தால், அவர் கடன் வாங்கியவர். 'லெண்டர்' என்றால் கடன் கொடுக்கும் பாங்க். 'கோ பாரோயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று கணவர் காட்டுவார். சாட்சிக் கையெழுத்து என்று எண்ணி நாமும் போட்டுவிடுவோம். அது சாட்சிக் கையெழுத்து அல்ல, அம்மா! 'நானும் சேர்ந்து கடன் வாங்கினேன், நானும் திருப்பிக் கட்டுவேன்' என்ற வாக்குறுதி அது. 'கேரண்டர்', அதாவது ஜாமீன்தார் என்று போட்டாலும் சுமை குறைவதில்லை. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன் நின்றவருக்கும் உண்டு என்கிறது. கையெழுத்துப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தச் சொல்லுக்குக் கீழே போடுகிறோம் என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மறுப்பிலும் இரண்டு வகை உண்டு. 'கையெழுத்துப் போட மறுத்தாள்', 'கையெழுத்துப் போட்டதை மறுத்தாள்'. தமிழில் இவை இரண்டுக்கும் உள்ள தூரம் நமக்கு உடனே தெரிகிறது. முதலாவதில் அவள் கையெழுத்துப் போடவே இல்லை. இரண்டாவதில் போட்டிருக்கவும் கூடும், இல்லை என்கிறாள். முதலாவதற்கு இங்கிலீஷில் 'ரெஃப்யூஸ்'. இரண்டாவதற்கு 'டினை'. செய்ய மாட்டேன் என்பது ரெஃப்யூஸ். செய்யவில்லை என்பது டினை. "ஹி டினைட் டு கம்" என்று எழுதுகிறவர்கள் நம்மில் ஏராளம். வர மறுத்தவனுக்கு 'ரெஃப்யூஸ்ட்' என்றுதான் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்துக்கோ ஆபீஸுக்கோ புகார்க் கடிதம் எழுதும்போது இது முக்கியம்.

புகார் என்றதும் 'ஸ்டீல்', 'ராப்' என்ற ஜோடியும் ஞாபகத்துக்கு வருகிறது. களவு போன பொருளோடு சேர்வது 'ஸ்டீல்'. பறிகொடுத்த ஆளோடோ இடத்தோடோ சேர்வது 'ராப்'. சங்கிலியை ஸ்டீல் செய்தார்கள், சங்கிலிக்குரியவளை ராப் செய்தார்கள். சட்டத்திலும் இரண்டும் ஒன்றல்ல. அடித்தோ மிரட்டியோ பறித்தால்தான் அது 'ராபரி'. அதற்குத் தண்டனையும் கடுமை. தூங்கும்போது கொல்லைப்புறம் காய்ந்த புடவையை எடுத்துக்கொண்டு போனால் வெறும் திருட்டுத்தான். புடவை பட்டாக இருந்தாலும் அப்படித்தான்!

தாராளமான தமிழ்ச் சொற்கள்

இவ்வளவு குழப்பமும் ஏன் வருகிறது? நமக்குப் புத்தி போதாததாலா? இல்லவே இல்லை. தமிழில் சில வினைகள் கூட்டுக் குடும்பத்து மாமியார் மாதிரி, பத்துப் பேர் வேலையை ஒருவராகவே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கின்றன. 'போடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து கோலம் போடுகிறோம், காபி போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், தாழ்ப்பாள் போடுகிறோம், விளக்குப் போடுகிறோம், ஊசி போட்டுக்கொள்கிறோம், கையெழுத்தும் போடுகிறோம். இத்தனைக்கும் இங்கிலீஷில் 'புட்' என்று ஒரே போடாகப் போட்டால் எப்படி? கோலத்துக்கு 'டிரா', காபிக்கு 'மேக்', சண்டைக்கு 'ஃபைட்', தாழ்ப்பாளுக்கு 'போல்ட்', விளக்குக்கு 'ஸ்விட்ச் ஆன்', கையெழுத்துக்கு 'ஸைன்' என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் வேண்டும்.

சட்டைக்கு மட்டும் இரண்டு ஆட்கள். எடுத்து மாட்டிக்கொள்ளும் அந்த ஒரு நிமிஷத்துக்கு 'புட் ஆன்'. மாட்டிக்கொண்ட பிறகு நாள் முழுவதும் உடம்பில் இருப்பதற்கு 'வேர்'. கல்யாண வீட்டில் ஒருத்தி நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தால், அவள் 'வேரிங்'. "புட்டிங் ஆன்" என்று சொல்லிவிட்டால், பாவம், அவள் இன்னும் கட்டி முடிக்கவில்லை என்றாகிவிடும்.

'கேள்' என்பதும் இப்படித்தான். ஆனால் இதற்குத் தமிழிலேயே சாவி இருக்கிறது. காதில் தானாக வந்து விழுந்தால் 'ஹியர்'. காது கொடுத்துக் கேட்டால் 'லிஸன்'. வாயைத் திறந்து கேள்வி கேட்டால் 'ஆஸ்க்'. "இந்தப் பையன் சொன்னால் கேட்கிறானா?" என்று நாம் அங்கலாய்க்கிறோமே, அதுவும் 'லிஸன்' வகைதான். அவனுக்கு ஹியரிங் பிரமாதம், லிஸனிங்தான் கிடையாது!

'பார்' என்பதற்கும் அதே முறை. கண்ணில் பட்டால் 'ஸீ'. கண்ணைத் திருப்பினால் 'லுக்'. வைத்த கண் வாங்காமல் இருந்தால் 'வாட்ச்'. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பொங்காமல் பார்த்துக்கொள்" என்று பெண்ணிடம் சொல்கிறோம் அல்லவா? அது 'வாட்ச்'. அவள் எதிர் வீட்டில் நடப்பதை வாட்ச் செய்துவிட்டுப் பாலை வெறுமனே ஸீ செய்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு 'ஸீ' என்றே சொல்லுங்கள். 'வாட்ச்' என்று சொன்னால், நீங்கள் துப்பறியும் இலாகாவைச் சேர்ந்தவர் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

'சொல்' என்பதற்கு 'ஸே', 'டெல்' என்று இரண்டு. கேட்பவர் இன்னார் என்று உடனே பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் 'டெல்'. சொன்ன விஷயம் மட்டும் வந்தால் 'ஸே'. "ஹி டோல்ட் மீ" சரி. "ஹி செட் மீ" சரியல்ல.

பாட்டியும் பாப்பாவும்

இனிச் சிரிப்பை மட்டும் வரவழைக்கும் ரகத்துக்கு வருவோம். இதில் ராஜா, 'லை', 'லே' என்ற ஜோடி. பலர் இதைக் கண்டு நடுங்குகிறார்கள். நடுங்கவே வேண்டாம். தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறோம் அல்லவா? ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. திருந்து, திருத்து. தானே செய்தால் தன்வினை. பிறரைச் செய்வித்தால் பிறவினை. இங்கிலீஷின் மூதாதை மொழியிலும் இதே ஏற்பாடு இருந்தது. நாம் மெய்யெழுத்தை வலித்துப் பிறவினை ஆக்கினோம். அவர்கள் விகுதி சேர்த்தார்கள், அதனால் உயிரெழுத்து மாறிற்று. அதன் மிச்சம்தான் இந்த ஜோடிகள். 'ஸிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. 'ஃபால்' என்றால் வீழ், 'ஃபெல்' என்றால் வீழ்த்து. 'லை' என்றால் படு, 'லே' என்றால் படுக்க வை. கிடக்கிறது லை, கிடத்துகிறாள் லே.

பாட்டி தானே படுத்துக்கொள்கிறாள், அது லை. பாப்பாவைத் தொட்டிலில் கிடத்துகிறோம், அது லே. கோழி முட்டையைக் 'கிடத்துகிறது'. ஆகவே முட்டையிடுவதற்கும் லே. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் இங்கிலீஷ்காரர்கள் ஒரு விஷமம் செய்து வைத்திருக்கிறார்கள். நேற்றுப் படுத்தாள் என்று சொல்ல வேண்டுமானால், 'லை' என்பது 'லே' என்று மாறிவிடும்! வரிசையாகச் சொன்னால், படுப்பதற்கு லை, லே, லெய்ன். படுக்க வைப்பதற்கு லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்வதற்கும் 'லை' என்றே ஒரு சொல் உண்டு. அது லை, லைட், லைட். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டால் இலக்கணம் படுகிற பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

இதில் தடுக்கி விழுந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. பைரன் பிரபு சாமான்யக் கவியா? 1818-ல் வெளிவந்த 'சைல்ட் ஹெரால்ட்' காவியத்தின் நாலாவது காண்டத்தில், கடலைப் பார்த்துப் பாடும்போது, இயைபு சேர வேண்டுமே என்று 'லை' வர வேண்டிய இடத்தில் 'லே' என்று போட்டுவிட்டார். இலக்கணக்காரர்கள் இன்றுவரை அவரை விடவில்லை. 2016-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய பாப் டிலன், 1969-ல் வெளியிட்ட பாட்டு ஒன்றின் தலைப்பிலேயே, 'லை' இருக்க வேண்டிய இடத்தில் 'லே'யை இரண்டு தடவை உட்கார்த்தி வைத்திருக்கிறார். ஒருவர் பிரபு, ஒருவர் நோபல் பரிசுக்காரர். நாம் எந்த மூலைக்கு?

'ரைஸ்', 'ரெய்ஸ்' என்பதும் இதே குடும்பம். உயர் என்றால் ரைஸ், உயர்த்து என்றால் ரெய்ஸ். வாடகை உயர்ந்தது என்றால் 'ரோஸ்'. வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினார் என்றால் 'ரெய்ஸ்ட்'. முதல் வாக்கியத்தில் வாடகை தானே ஏணி வைத்து ஏறியது போலிருக்கும். இரண்டாவதில் ஏணியைப் பிடித்தவர் யார் என்பது தெரிந்துவிடும். வீட்டுக்காரர்கள் எழுதும் நோட்டீஸில் எப்போதும் 'ரோஸ்'தான் வாசம் வீசும்!

'ரிமெம்பர்' என்றால் தானே ஞாபகம் வைத்துக்கொள்வது. 'ரிமைண்ட்' என்றால் பிறருக்கு ஞாபகப்படுத்துவது. 'லேர்ன்' என்றால் கற்பது, 'டீச்' என்றால் கற்பிப்பது. இந்தக் கடைசி ஜோடியில் பழைய இங்கிலீஷ்காரர்களே தாராளமாக இருந்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் காலிபன், 'எனக்கு உங்கள் பாஷையைக் கற்பித்தீர்களே' என்று திட்டும் இடத்தில், 'டீச்' சொல்லாமல் 'லேர்ன்' என்றே சொல்கிறான். அந்தக் காலத்தில் அது தவறல்ல. இப்போது தவறு. பாஷையிலும் மோஸ்தர் மாறுகிறது.

தொல்காப்பியர் சொன்ன வழி

'பிரிங்', 'டேக்' என்ற ஜோடிக்குத் தொல்காப்பியரே நமக்கு வாத்தியார். வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை என்று சொல்லதிகாரத்தில் அவர் வகுத்திருக்கிறார். அதாவது, என்னிடமும் உன்னிடமும் 'வரும்', 'தரும்'. அவனிடம் 'செல்லும்', 'கொடுக்கும்'. இதை அப்படியே இங்கிலீஷுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவரையோ கேட்கிறவரையோ நோக்கிப் பொருள் வந்தால் 'பிரிங்'. வேறு எங்கேனும் போனால் 'டேக்'. "மாமி, நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வரும்போது முறுக்குக் கொண்டுவருகிறேன்" என்றால் பிரிங். "குழந்தாய், பள்ளிக்கூடத்துக்குக் குடை எடுத்துக்கொண்டு போ" என்றால் டேக்.

ஒரு சின்னப் பரீட்சை

கீழே உள்ள ஐந்துக்கும் எந்தச் சொல் பொருந்தும் என்று காபி ஆறுவதற்குள் சொல்லுங்கள், பார்க்கலாம்.

1. பாட்டி நேற்று மத்தியானம் சற்றே படுத்தாள். லேயா, லெய்ட்டா?
2. குழந்தைக்கு அம்மை என்று சந்தேகப்படுகிறேன். டவுட்டா, ஸஸ்பெக்ட்டா?
3. பால்காரர் விலையை உயர்த்தினார். ரோஸா, ரெய்ஸ்ட்டா?
4. அவள் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தாள். ரெஃப்யூஸ்டா, டினைடா?
5. மருந்துச் சீட்டை ஞாபகப்படுத்துங்கள். ரிமெம்பரா, ரிமைண்டா?

விடைகள்: லே, ஸஸ்பெக்ட், ரெய்ஸ்ட், ரெஃப்யூஸ்ட், ரிமைண்ட். ஐந்தும் சரியானால் உங்களுக்கு நீங்களே ஒரு சபாஷ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதும் நாலாவதும் சரியாக வந்து, மற்றவை தவறினாலும் நான் வருத்தப்பட மாட்டேன். டாக்டருக்கும் பத்திரத்துக்கும் அந்த இரண்டும்தான் வேண்டும்.

அடுத்த தடவை டாக்டர், "குழந்தைக்கு என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டால், கணவர் முகத்தைப் பார்க்காதீர்கள். ராத்திரி முழுவதும் விழித்திருந்தவர் நீங்கள். லையும் லேயும் இடம் மாறினால் மாறட்டும். டாக்டருக்கு வேண்டியது இருமல் எத்தனை தடவை என்ற கணக்கு. அது உங்களிடம்தான் இருக்கிறது.